நாகையில் எழுந்த புத்தப் பள்ளி

சகிப்புத்தன்மை என்னும் சொல்லை மேடைதோறும் கேட்கிறோம். புகைவண்டியில் பின்னர் ஏறியவருக்கு முகஞ்சுளித்துக்கொண்டே சிறிது இடம் விடுவதையும் அச்சொல்லாலேயே குறிக்கிறோம். நம் முன்னோர் அதனினும் மேலான ஒன்றைச் செய்து காட்டினர். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரமே அதற்குச் சான்று.

முதலாம் இராசராச சோழன் சிறந்த சிவபத்தன். சிவபாதசேகரன் என்னும் பட்டம் பூண்டவன். தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்தவன். அவன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகையில் புத்தப் பள்ளி ஒன்றை நிறுவினான். கி.பி. 1006ஆம் ஆண்டளவில் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரில் 97 வேலிக்கு மேற்பட்ட நிலத்தின் வருவாயை அப்பள்ளிக்கு அளித்தான். பெண்யானையை நடத்தி அவ்வூரின் எல்லை வகுக்கப்பட்டது. அவன் மைந்தன் இராசேந்திரன் அக்கொடை என்றும் நிலைக்குமாறு செப்பேட்டில் பொறிப்பித்தான்.

பின்னர் அவ்விராசேந்திரனே 1025இல் ஸ்ரீவிசயத்தின்மீது கப்பற்படை செலுத்தினான். அரசர்க்கிடையே பகை மூண்டும் நாகைப் பள்ளி அழிந்திலது. 1090இல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்து அரசனின் தூதர் வேண்டியவாறு, பள்ளிக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்து மீண்டும் செப்பேடு வழங்கினான். இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என அங்கிருந்த பள்ளிகள் சோழர் பெயராலேயே வழங்கின.

கடல் வாணிகத்தின் ஊதியம் கருதியே இவ்வாறு செய்தனர் என்பாரும் உளர். அக்கருத்தும் இருந்திருக்கலாம். எனினும் பிறர் சமயத்திற்குத் தம் விளைநிலத்தை அளித்ததும், போருக்குப் பின்னரும் அதனைப் பறியாது காத்ததும் வெறும் வணிகக் கணக்கு ஆகா.

அச்செப்பேடுகள் ஒல்லாந்தர் வழியே லெய்டன் நகரை அடைந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. நாகையில் எஞ்சி நின்ற பழங்கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. மண்ணுள் புதைந்த புத்தர் படிமங்கள் ஏறத்தாழ 350 அந்நகரில் வெளிப்பட்டுள்ளன.

அன்று கடல் கடந்து வந்தோர்க்குத் தமிழ்மண் இடம் தந்தது. இன்று நாம் வேற்று மொழியாரிடையே வந்து குடியேறி வாழ்கிறோம். நம் விழாக்களின் ஓசையை அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்கின்றனர். அவர்தம் வழிபாட்டின் ஓசை கேட்கும்போதோ நாம் முணுமுணுக்கிறோம். இது முறையாகுமா? அண்டை வீட்டார் விழாவிற்கு ஒரு நாள் நம் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு செல்வோம். பொறுத்துக்கொள்வது முதற்படி, உவந்து துணைநிற்பதே நிறைவு. இடம் பெற்று வாழும் நாம், இடம் தரவும் அறிந்தவராதல் வேண்டும்.