குதிரையும் இயன்முறை மருத்துவரும்

சென்னையின் அஸ்தினாபுரத்துக்கு வடக்கே, பரங்கிமலையிலிருந்து கிண்டி வரை, வெள்ளையர் ஆட்சியில் குதிரைகள் நிறைந்திருந்த பகுதி. பரங்கிமலையில் மதராஸ் பீரங்கிப் படை தங்கியது. ராணுவத்துக்காக ஆஸ்திரேலியாவின் வேலர் குதிரைகள் கப்பலில் வந்திறங்கின. கிண்டியில் பந்தயம் ஓடியது. அங்கேயே 1899-இல் தொடங்கிய கிங் நிலையம், பிற்காலத்தில் குதிரை ரத்தத்திலிருந்து பாம்புக்கடிக்கு மருந்து எடுத்தது. ஆகவே, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்குக் குதிரை வழியாகச் சிகிச்சை என்றதும் “இதெல்லாம் நம் ஊருக்கு ஒத்துவராது” என்று தள்ளிவிடுவது சரியல்ல. மறுவாழ்வுப் பணியும் நமக்குப் பழக்கமானதே: 1985-இல் மெட்ராஸ் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி (இன்றைய வித்யாசாகர்), 2005-இல் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். குதிரை வளர்ப்பவரும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து நின்றால்தான் இந்தச் சிகிச்சை சிகிச்சையாகும் என்பதே என் வாதம்.

குதிரை என்ன செய்யும் என்று முதலில் பார்ப்போம். டென்மார்க்கின் குதிரையேற்ற வீராங்கனை லிஸ் ஹார்டெலை 1944-இல் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. முழங்காலுக்குக் கீழே செயலிழந்த நிலையில், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டுக் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். அந்த வெற்றி ஐரோப்பிய மருத்துவ உலகைக் குதிரைச் சிகிச்சையின் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. நடக்கும் குதிரையின் முதுகு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சுழன்றும் அசையும். மேலே அமர்ந்த குழந்தையின் இடுப்பு, தானே நடப்பதுபோல அசைகிறது. வயிறும் முதுகும் சமநிலை தேடி வேலை செய்கின்றன. இதற்குக் குதிரை எதற்கு, ஓர் உருளையில் அமர்த்தினால் போதாதா என்று கேட்கலாம். 2003-இல் வெளியான ஆய்வொன்று அதையே சோதித்தது: 15 குழந்தைகளில் சிலர் குதிரையிலும் சிலர் அசையாத உருளையிலும் 8 நிமிடம் அமர்ந்தார்கள். இருபக்கத் தசைகளின் ஏற்றத்தாழ்வு குதிரையில் அமர்ந்தவர்களுக்கே குறைந்தது. ஆனால் ஆஸ்திரேலியாவில் 99 குழந்தைகளைக் கொண்டு 10 வாரச் சவாரித் திட்டத்தைச் சோதித்து 2009-இல் வெளியான ஆய்வு, உடலியக்கத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றத்தைக் காட்டவில்லை. எதிர்ப்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள், காட்டுவது நியாயமே. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: பொதுவான சவாரி வகுப்பு வேறு, இயன்முறை மருத்துவர் ஒவ்வொரு குழந்தைக்கும் இலக்கு வைத்துக் குதிரையின் நடையை மாற்றி மாற்றித் தரும் ஹிப்போதெரபி வேறு.

ஹிப்போதெரபி நோயைத் தீர்க்காது. இடுப்பு மூட்டு விலகியவர்களுக்கும், கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்களுக்கும் ஆபத்து. துள்ளும் பந்தயக் குதிரை பெரும்பாலும் உதவாது. பொறுமையான, சீராக நடக்கும் குதிரை வேண்டும். பெற்றோர்களே, குதிரைக்காகத் தினசரிப் பிசியோதெரபியை நிறுத்திவிடாதீர்கள். குழந்தையை ஏற்றும் முன், பக்கத்தில் நிற்கப்போகும் இயன்முறை மருத்துவர் யார் என்று கேளுங்கள்.