சுரங்கத்துக்குச் சொல் கொடுத்த டாக்டர்

1527ஆம் ஆண்டு

இன்றைய செக் நாட்டில் இருக்கும் யோவாகிம்ஸ்தால் என்ற மலை ஊர். திரும்பின பக்கமெல்லாம் வெள்ளிச் சுரங்கம். அங்கே அடித்த வெள்ளிக் காசுக்கு "தாலர்" என்று பெயர். நாம இன்னைக்குச் சொல்ற டாலர் அதிலிருந்து வந்ததுதான்.

அந்த ஊருக்கு நகர மருத்துவராக வந்து சேர்ந்தார் கியார்கியஸ் அக்ரிகோலா.

வந்தவருக்கு ஒரு சந்தேகம். கேலன் போன்ற பழைய மருத்துவர்கள் எழுதி வைத்த கனிம மருந்துகள் இருக்கே, அதெல்லாம் நிஜத்தில் எந்தக் கல்? தொழிலாளியைக் கேட்டால் ஜெர்மன் மொழியில் ஒரு பேர் சொல்வார். மருத்துவ நூல்களிலோ வேறு பேர். ரெண்டும் ஒண்ணுதானான்னு சொல்ல ஆள் இல்லை.

ஆகவே சுரங்கத்துக்குள்ளும் உலைக்கூடத்துக்கும் போய்ப் பார்த்து, கேட்டு எழுத ஆரம்பித்தார். லத்தீனில் சொல் இல்லாத இடத்தில் தானே சொல் உண்டாக்கினார். 1546இல் வந்த தொகுப்பில் லத்தீன்-ஜெர்மன் சொற்பட்டியலே சேர்த்தார். அவருக்கு "ஃபாசில்" என்றால் மண்ணிலிருந்து தோண்டியெடுத்த எதுவும். கல், உப்பு, தாது எல்லாமே ஃபாசில்தான்!

பாறைப் பிளவில் தாது ஓடும் கோட்டுக்கு லத்தீனில் "வேனா". நம்ம உடம்பில் ரத்தம் ஓடும் சிரைக்கும் அதே சொல்தான். தமிழும் சளைத்ததில்லை. மண்ணில் கிடைப்பதும் தாது, உடம்பின் ஏழு கட்டுகளும் தாது, வைத்தியர் கையைப் பிடித்துப் பார்க்கும் நாடியும் தாது.

சில பெயர்களில் தொழிலாளியின் பயமும் ஒட்டியிருக்கிறது. வெள்ளி போலத் தெரியும், உருக்கினால் ஒன்றும் வராது, நச்சுப்புகைதான் மிச்சம். கையையும் காலையும் அரிக்கும். "கோபோல்ட்" என்கிற குட்டிச்சாத்தானின் வேலை இது என்றார்கள். அதுதான் கோபால்ட். புகைக்குக் காரணம் அந்தத் தாதுவில் கலந்திருந்த ஆர்செனிக்.

அக்ரிகோலா இறந்தது 1555இல். அவருடைய பெரிய நூல் "டி ரே மெட்டாலிக்கா" மறு வருடம்தான் அச்சில் வந்தது. 1912இல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டு வந்தவர்கள் ஹெர்பர்ட் ஹூவரும் அவர் மனைவி லூ ஹென்றியும். ஆமாங்க, பின்னாளில் அமெரிக்க அதிபரான அதே ஹூவர். சுரங்கப் பொறியாளர். அக்ரிகோலா உண்டாக்கிய சொற்களுக்குப் பொருள் கண்டுபிடிப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு.

எனக்கு அந்த நூலில் முக்கியமான இடம் வேறு. கார்பேத்திய மலைச் சுரங்க ஊர்களில் ஏழு கணவர்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்த பெண்கள் உண்டு என்று எழுதுகிறார். காரணம், நுரையீரலை அரிக்கும் தூசி என்கிறார். முகத்தில் துணித்திரை கட்டச் சொல்கிறார். காற்றை உள்ளே தள்ளும் விசிறிகளையும் துருத்திகளையும் படம் போட்டே காட்டுகிறார்.

ஊர்க்காரர்கள் அந்த நோயை "மலை நோய்" என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். அதற்குள் சிலிக்கா தூசி நோய், காசநோய், புற்றுநோய் எல்லாம் கலந்து கிடந்தன. பிரித்துப் பார்க்க 300 வருஷத்துக்கு மேல் ஆச்சு. 1879இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற ரெண்டு டாக்டர்கள்தான், அதே மலைத்தொடரின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களுக்கு மார்புக்குள் புற்றுநோய் வருவதைப் பதிவு செய்தார்கள்.

ஏன் வந்தது? யோவாகிம்ஸ்தால் சுரங்கத்தின் கருப்புத் தாதுக் கழிவை டன் கணக்கில் வரவழைத்துத்தான் கியூரி தம்பதி ரேடியத்தைப் பிரித்தார்கள். யுரேனியம் சிதைந்து ரேடியம் ஆகும், ரேடியம் சிதைந்து ரேடான் வாயு ஆகும். நிறமில்லை, மணமில்லை. தூசிக்குக் கட்டிய துணி இதை எங்கே தடுக்கும்?

சுரங்கத்தில் ரேடானைக் குறைக்க இன்றைக்கும் முதலில் செய்வது காற்றோட்டத்தைக் கூட்டுவதுதான்.