அஞ்சல் வாணிகமும் இணைய அங்காடியும்

இணையவழி வாணிகம் நம் நாட்டிற்கு முற்றிலும் புதியது என்பார் கூற்று ஆராயத்தக்கது. கருவி புதிது, ஆயின் முகமறியா வணிகரிடம் பொருள் கொள்ளும் வழக்கம் இங்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுப் பழமையுடையது.

மதுரைக்காஞ்சி சுட்டும் நாளங்காடியும் அல்லங்காடியும் பொருளைக் கண்முன் பரப்பி விற்ற இடங்களாம். கொங்குநாட்டுச் சந்தைகளும் அத்தகையனவே. தொட்டுப் பாராமல் விலைபேசுவார் அங்கில்லை. காணாப் பொருளுக்குக் காசு கொடுப்பதாயின் இடையே நம்பத்தக்க ஒருவர் வேண்டும். அவ்விடத்தை முதற்கண் ஏற்றது அஞ்சல் துறை.

1862-இல் போத்தனூருக்கு இருப்புப்பாதை வந்தது. 1877-இல் வி.பி.பி. முறையும், 1880-இல் பணவிடையும் தொடங்கின. அஞ்சற்காரர் சிப்பத்தைக் கொணர்வார். விலையைப் பெற்ற பின்னரே கையளிப்பார். பணம் விற்றவரைச் சென்றடையும். புத்தகக்கடை இல்லாத சிற்றூர்களுக்குத் தமிழ் நூல்கள் இவ்வழியே சென்றன. அச்சுப்பொறிக்குப் பல பக்கங்களை ஒதுக்கும் நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இதற்கு ஒரு வரியும் தர மனங்கொண்டாரல்லர்! இம்முறையில் குறையும் உண்டு. பணம் செலுத்துமுன் சிப்பத்தைப் பிரித்தல் இயலாது; உள்ளிருக்கும் பொருளின் தரத்துக்கு அஞ்சலகம் பொறுப்பேற்றதுமில்லை.

பெங்களூரில் 1999-இல் ஃபேப்மார்ட்டும், 2007-இல் ஃபிளிப்கார்ட்டும் தோன்றின. பின்னது நூல் விற்பனையில் தொடங்கியது. கடன் அட்டை உடையார் சிலராயிருந்த நாட்டில் அவ்வாணிகம் பரவியது, பொருளைப் பெறும்போது பணம் தரலாம் என 2010-இல் அந்நிறுவனம் அறிவித்த பின்னரே. இதனைப் புதுக்கண்டுபிடிப்பெனப் புகழ்வாரும் உளர். அது 1877-ஆம் ஆண்டு முறையின் மறுபிறப்பே என்பது எம் கருத்து. பொருளைத் திருப்பியனுப்பும் உரிமை ஒன்றே வாங்குவோர் பெற்ற மெய்யான புதுமை.

விற்போர் நிலையோ வேறு. அன்று இடைநின்றது அரசு. இன்று இடைநிற்பது தானும் வணிகஞ்செய்யும் நிறுவனம். அது தன் கழிவை நீக்கிய பின்னரே எஞ்சிய தொகையைத் தரும். கோவைக்கு வடக்கே மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள பெரியநாயக்கன்பாளையத்துச் சிறுவணிகர் ஒருவரை எண்ணுக. அஞ்சலகம் அவரிடம் கேட்டது முகவரியும் கட்டணமுமே. 2017 சூலைத் திங்களில் சரக்கு சேவை வரி வந்தபின், இணைய அங்காடியில் பொருள் விற்பார் எத்துணைச் சிறியராயினும் பதிவு பெறல் வேண்டும் என்றாயிற்று. 2023 அக்டோபர் முதல் நாளில் அவ்விதி தளர்ந்தது. அதுவும் மாநிலத்துக்குள் விற்பார்க்கு மட்டுமே. பதிவு பெறாத அவ்வணிகர் இணையவழியே சேலத்துக்கு விற்கலாம். அதனினும் அண்மையிலுள்ள பாலக்காட்டுக்கு விற்றல் இயலாது.