பூட்டு எந்தப் பக்கம்?

திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தில் இறங்கி, பழநி பஸ் நிற்கும் பக்கமாகக் கொஞ்சம் நடந்து பாருங்கள். தூணோரம் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார். சடை விழுந்த தலை. வெயிலுக்கும் மழைக்கும் ஒரே சட்டை. தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டிருப்பார். டீக்கடைக்காரர் கூப்பிட்டு பன் கொடுப்பார். மறுநாள் காலையில் அதே மனிதர் கடை வாசலில் படுத்திருந்தால், தண்ணீர் தெளித்து விரட்டுவதும் அதே டீக்கடைக்காரர்தான். நாம் இரண்டையும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுவோம்.

'இவங்களை எல்லாம் எங்கேயாவது கொண்டுபோய் வைக்கக் கூடாதா?' என்று ஒரு நிமிஷம் தோன்றும், இல்லையா? அந்த 'எங்கேயாவது' என்பது எங்கே? இந்தக் கேள்விக்கு நம் ஊரில் இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது. முதலில் கிடைத்த பதில்... பூட்டு!

பூட்டைப் பற்றி திண்டுக்கல்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று வகைவகையாகக் கையால் செய்த ஊர். 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. ஒரு பூட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் தன் பத்திரத்துக்காகப் போடுவது ஒன்று. உள்ளே இருப்பவர் வெளியே வராமல் இருக்க அடுத்தவர் போடுவது இன்னொன்று.

மனநோயாளிகள் விஷயத்தில் சென்னையில் முதலில் விழுந்தது இரண்டாவது வகை. 1794-ல் வாலன்டைன் கனோலி என்ற கம்பெனி டாக்டர் புரசைவாக்கத்தில் ஒரு காப்பகம் தொடங்கினார். கட்டடத்துக்கு கிழக்கிந்திய கம்பெனியிடமே வாடகையும் வாங்கினார். பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு உடனே கண்ணில் படுவது இதுதான்: சேவையும் வியாபாரமும் ஒரே கணக்குப் புத்தகத்தில்! பிறகு அது கைமாறி, 'டால்டனின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்றே பெயர் எடுத்தது. 1871-ல் அரசுக் காப்பகம் கீழ்ப்பாக்கம் லோக்காக் தோட்டத்துக்குப் போனது. ஊர் வாயில் 'கீழ்ப்பாக்கம்' என்ற பேரே ஒரு கேலிச் சொல்லாக மாறிய கதை உங்களுக்கே தெரியும்.

சட்டமும் பூட்டின் பக்கமே நின்றது. 1858-ல் ஒரு சட்டம், 1912-ல் இன்னொன்று. இரண்டுக்கும் பிரதானக் கவலை, இவர்களை எப்படிப் பிடித்து, யார் உத்தரவில் உள்ளே வைப்பது என்பதுதான். குணமானவர் அப்புறம் எங்கே போவார் என்பது பெரிய கேள்வியாகவே இல்லை.

அரசாங்கத்தின் பூட்டு போதாதென்று, குடும்பங்கள் தேடிப்போன பூட்டும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில், விடியும் முன்பே கூரையில் தீப்பிடித்தது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் எப்படி ஓடுவார்கள்? 28 பேர் செத்துப்போனார்கள். 'யாரோ கத்துகிறார்கள், வழக்கமான கத்தல்தானே' என்று ஊர் நினைத்ததாக அப்போது செய்திகள் வந்தன. அந்த மாதிரி காப்பகங்களை ஒரே வாரத்தில் மூடினார்கள். ஐநூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பராமரிப்புக்கு வந்தார்கள். சங்கிலி கழன்றது. சரி, வீடு?

இங்கேதான் உலகமே ஒரு முறை சறுக்கி விழுந்திருக்கிறது. அமெரிக்காவில் 1955-ல் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் கதவைத் திறந்துவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால், வெளியே வந்தவர்களுக்குத் தங்க இடம் ஏற்பாடு செய்யவில்லை. ஏழைகள் அறை எடுத்துத் தங்கிய மலிவு ஹோட்டல்களையும் நியூயார்க்கில் இடித்தும் மாற்றியும் தீர்த்தார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து நேராக நடைபாதைக்கு!

அதே நியூயார்க்கில்தான் ஒரு மாற்றுவழியும் பிறந்தது. ரோசான் ஹேகர்டி என்ற பெண்மணி 1990-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பாழடைந்து கிடந்த டைம்ஸ் ஸ்கொயர் ஹோட்டலை அடுத்த ஆண்டே கைப்பற்றினார். 1920-களின் கட்டடம் அது. இடிக்கவில்லை, பழுது பார்த்தார். உள்ளே 652 சிறு வீடுகள். தெருவில் கிடந்தவர்களும், மனநலம் பாதிக்கப்பட்டவர்களும், குறைந்த சம்பளக்காரர்களும் ஒரே கூரையின் கீழ். உதவிக்கு சமூகப் பணியாளர்கள் அதே கட்டடத்தில். முக்கியமான விஷயம், 'ஆறு மாசம் தங்கிக்கோ, அப்புறம் கிளம்பு' என்ற பேச்சே இல்லை. வாடகை கட்டி, நிரந்தரமாகக் குடியிருக்கலாம்.

இத்தாலியில் இன்னும் சுவாரஸ்யம். ட்ரியெஸ்டே நகரக் காப்பகத்துக்கு 1971-ல் இயக்குநராக வந்தார் டாக்டர் ஃபிராங்கோ பசாலியா. உள்ளே சுமார் 1,200 பேர். 1973-ல் அவர்களோடு சேர்ந்து நீலக் குதிரை ஒன்று செய்தார்கள். மரமும் காகிதக் கூழும் கலந்த ராட்சதக் குதிரை. ஊர்வலம் கிளம்பும்போதுதான் தெரிந்தது, வாசல் சின்னது! வாசலை உடைத்துக்கொண்டு வெளியே போனது குதிரை. பின்னாலேயே நோயாளிகள். பழைய வார்டுகள் சிலவற்றைச் சிறு குடியிருப்புகளாக மாற்றினார்கள். 1978-ல் வந்த இத்தாலியச் சட்டம், புதிதாக மனநலக் காப்பகங்கள் கட்டுவதையே நிறுத்தியது.

நம் ஊருக்கு வருவோம். 1993. சென்னை சாலையில் ஆடை கலைந்து திரிந்த ஒரு பெண்ணைப் பார்த்தார்கள், வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள். உதவலாம் என்று இறங்கினால், சேர்த்துக்கொள்ள இடமில்லை. அப்படித்தான் பிறந்தது 'தி பான்யன்'. சிகிச்சை கொடுத்தார்கள். நினைவு திரும்பியவர்களை ஊர் ஊராகத் தேடி, குடும்பத்தோடு சேர்த்தார்கள். பலரைச் சேர்க்க முடிந்தது. ஆனால், ஒரு கூட்டம் மிச்சமானது. விலாசம் நினைவில்லாதவர்கள், வீட்டில் கதவு திறக்காதவர்கள், 'அந்த வீட்டுக்கு நான் போக மாட்டேன்' என்றவர்கள். நோய் அடங்கியும், வருஷக்கணக்காகக் காப்பகத்திலேயே இருந்தார்கள்.

2015-ல் 'ஹோம் அகெய்ன்' என்ற முயற்சி வந்தது. விஷயம் எளிமையானது. ஊருக்குள், தெருவுக்குள், சாதாரண வாடகை வீடு. நாலைந்து பேர் ஒரு குடும்பம் மாதிரி. கூடமாட உதவ ஆள். காய்கறி வாங்குவது, என்ன குழம்பு என்று முடிவெடுப்பது, கோயிலுக்குப் போவது எல்லாம் அவர்கள் பாடு. உலக சுகாதார அமைப்பு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியில், நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக இதையும் சேர்த்தது.

கனோலியும் வாடகைக் கட்டடத்தில்தான் தொடங்கினார். இவர்களும் வாடகை வீட்டில்தான். ஒரே வித்தியாசம், சாவி இப்போது உள்ளே குடியிருப்பவர் கையில்.

சட்டமும் மெள்ளப் பக்கம் மாறிவிட்டது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், 19-வது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: குடும்பம் இல்லை, வீடு இல்லை, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது. ஆனால், 2019-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்றில், அரசு மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல், ஒரு வருஷத்துக்கு அதிகமாக அங்கேயே இருப்பவர்கள் எனத் தெரிந்தது. தமிழக அரசு 2018-லிருந்து மாவட்ட அளவில் மீட்பு மையங்கள் திறந்தது. தெருவிலிருந்து அழைத்துவர அது உதவும். அங்கிருந்து போக, வீடு வேண்டுமே?

வீடு இல்லாமலா இருக்கிறது? திண்டுக்கல் பழைய தெருக்களில் நடந்தால் தெரியும். பிள்ளைகள் வெளியூர், வெளிநாடு போய்விட, பாகம் பிரியாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள். கூரையைச் சரிசெய்து, கக்கூஸில் பிடிமானம் வைத்து, ஒவ்வொருவருக்கும் பூட்டுகிற மாதிரி ஓர் அலமாரி கொடுத்து, அறைக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டால், நாலு பேர் வாழ்க்கை நடத்தலாம். அட்வான்ஸும் வாடகையும் ஒழுங்காக வரும் என்று வீட்டுக்காரருக்கு யாராவது உறுதி சொல்ல வேண்டும். அதற்கு அரசாங்கம் இருக்கிறது, அமைப்புகள் இருக்கின்றன.

காசைவிட கஷ்டமான கேள்வி ஒன்று இருக்கிறது. வீடு பார்க்கப் போகும்போது வாசலிலேயே கேட்பார்களே... "யாரு சார் குடியிருக்கப் போறாங்க?"

உண்மையைச் சொன்னால், நாளைக்கு உங்கள் மாடி போர்ஷனைத் தருவீர்களா? அதையாவது விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தந்தால், அவர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போடாமல் இருப்பீர்களா?