பழைய வினைல் தரையின் மீது செராமிக் ஓடு பதித்தல்

பழைய வினைல் தரையின் மீது செராமிக் ஓடு பதித்தல் என்பது, முன்பே ஒட்டப்பட்டுள்ள வினைல் விரிப்பையோ வினைல் ஓடுகளையோ பெயர்த்தெடுக்காமல், அவற்றின் மேலேயே செராமிக் தரையோடுகளைப் பதிக்கும் கட்டுமான முறையாகும். மரச்சட்டங்களின் மீது பிளைவுட் பரப்பித் தரை அமைக்கும் வழக்கமுள்ள ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இம்முறை கையாளப்படுகிறது. பழைய தரையில் கல்நார் இருக்கக்கூடும் என்பதாலும், வாடகை வீடுகளில் இது நிலையான மாற்றமாகக் கருதப்படுவதாலும், பணியைத் தொடங்கும் முன் அடித்தளத்தை ஆராய்வதும் உரிமையாளரின் இசைவைப் பெறுவதும் இன்றியமையாதவை.

வரலாறு

நெகிழும் தன்மையுள்ள பாலிவினைல் குளோரைடை 1926 ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியலாளர் வால்டோ சீமன் உருவாக்கினார். 1933 ஆம் ஆண்டின் சிகாகோ உலகக் கண்காட்சியில் வினைல் தரையோடுகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவை சமையலறைகளிலும் குளியலறைகளிலும் லினோலியத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்தன. உறுதிக்காக 1980கள் வரை பல வினைல் ஓடுகளிலும், விரிப்புகளின் அடித்தாளிலும், ஒட்டுவதற்குப் பயன்பட்ட கரிய பசையிலும் கல்நார் சேர்க்கப்பட்டது. 9 அங்குலச் சதுர ஓடுகள் அக்காலத்தில் மிகுதியாகப் பயன்பட்டன. எனினும் அளவைக் கொண்டோ நிறத்தைக் கொண்டோ கல்நார் இருப்பதை உறுதிசெய்ய இயலாது. ஆய்வகச் சோதனையே அதனைக் காட்டும்.

கல்நாரால் விளையும் இடர்

கல்நார் இழைகள் வினைலுக்குள் பிணைந்து கிடக்கும் வரை எளிதில் காற்றில் கலப்பதில்லை. தரையைச் சுரண்டும்போதும், உடைக்கும்போதும், உப்புத்தாளால் தேய்க்கும்போதும் நுண்ணிழைகள் வெளிப்பட்டு மூச்சுடன் நுரையீரலை அடைகின்றன. இவை நுரையீரல் புற்றுநோயையும், நுரையீரல் உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோயையும் உண்டாக்கவல்லவை. இந்நோய்கள் பெரும்பாலும் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படுகின்றன.

1980 ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ பதிக்கப்பட்ட வினைல் தரையில், சோதனையால் மறுக்கப்படாத வரை, கல்நார் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என ஐக்கிய அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. அத்தகைய தரையைத் தேய்ப்பதையும் அவை தடை செய்கின்றன. கனடா 2018 ஆம் ஆண்டில் கல்நார்ப் பொருட்களுக்குப் பரந்த தடை விதித்தது. ஐக்கிய அமெரிக்கா 2024 ஆம் ஆண்டில் வெண்கல்நாரைத் தடை செய்தது. ஆயினும் வீடுகளில் ஏற்கெனவே உள்ள தரைகள் இத்தடைகளால் அகற்றப்படுவதில்லை.

பழைய தரையை அசைக்காமல் மூடிவிடுவது, பெயர்ப்பதை விடப் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. ஆனால் மேலே அமையும் பலகையைத் திருகாணியால் முடுக்கும்போது வினைல் துளைக்கப்படுவதால், மூடுவதற்கும் முன்னரே சோதனை செய்தல் வேண்டும். மூடப்பட்ட கல்நார் மறைகிறதேயன்றி நீங்குவதில்லை. பின்னாளில் ஓடுகளை உடைப்பவர் அதனை அறியுமாறு எழுத்துப் பதிவு வைத்தல் நன்று.

தரையின் தகுதி

வினைல் ஒரே அடுக்காகவும், முழுப்பரப்பிலும் இறுக ஒட்டியதாகவும் இருத்தல் வேண்டும். மெத்தை போன்ற அடிப்பகுதியுடைய வினைல் சுமையால் அமுங்கும். அதனால் இணைப்புச் சாந்தும் ஓடுகளும் வெடிக்கும். மரத்தரையின் தொய்வு, சட்டத்தின் தாங்கு நீளத்தில் 360 இல் ஒரு பங்குக்கு மிகலாகாது என்பது செராமிக் ஓடுகளுக்கான பொது அளவுகோல். 3.6 மீட்டர் நீளத்திற்கு இது 10 மில்லிமீட்டர் ஆகும்.

செய்முறை

1. வினைலின் மீதுள்ள மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் நீக்கப்படுகின்றன. கல்நார் ஐயம் உள்ள இடத்தில் தேய்த்தல் கூடாது.

2. பலபடி சேர்த்த சிமெண்ட் ஒட்டுச்சாந்து பரப்பப்பட்டு, அதன் மீது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள சிமெண்ட் பலகைகள் இடப்படுகின்றன.

3. பலகைகள் சுமார் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் திருகாணிகளால் முடுக்கப்படுகின்றன. இணைப்புகள் காரத்தைத் தாங்கும் வலைப்பட்டையாலும் ஒட்டுச்சாந்தாலும் மூடப்படுகின்றன.

4. பற்கள் கொண்ட கரண்டியால் ஒட்டுச்சாந்து வரிவரியாகப் பூசப்பட்டு ஓடுகள் பதிக்கப்படுகின்றன. சுவர் ஓரங்களில் விரிவடைவதற்கென இடைவெளி விடப்படுகிறது.

5. பொதுவாக ஒரு நாள் கழித்து, ஓடுகளின் இடைவெளிகள் இணைப்புச் சாந்தால் நிரப்பப்படுகின்றன.

சிமெண்ட் பலகை ஓடு ஒட்டுவதற்கேற்ற பரப்பைத் தருமேயன்றித் தொய்யும் தரைக்கு வலுவூட்டாது. பலகையும் ஓடும் சேர்ந்து தரைமட்டத்தை ஏறத்தாழ 15 முதல் 20 மில்லிமீட்டர் வரை உயர்த்துகின்றன. இதனால் கதவுகளின் அடிப்பகுதியை அறுக்கவும், கழிப்பறைப் பீங்கானின் இணைப்பு வளையத்தை உயர்த்தவும் நேரிடலாம். சமையல் மேடையின் கீழ் பொருத்தப்பட்ட பாத்திரம் கழுவும் இயந்திரத்தை வெளியே எடுக்க இயலாமற் போகவும் கூடும்.

வாடகை வீடுகளில்

கட்டடத்துடன் நிலையாகப் பிணைக்கப்பட்ட பொருள் அச்சொத்தின் பகுதி என்பது ஐக்கிய அமெரிக்கச் சட்ட மரபாகும். எனவே வாடகைதாரர் தம் செலவில் பதித்த ஓடுகளும் பொதுவாக உரிமையாளரையே சேரும். இசைவின்றிப் பதித்தால், பழைய நிலைக்கு மீட்கும் செலவு முன்பணத்தில் கழிக்கப்படலாம். அவ்வாறு மீட்கும்போது கல்நார்த் தரை உடைபடும் இடரும் உண்டு. ஆகவே சோதனை முடிவு, செலவைப் பகிரும் முறை, ஓடுகளின் உரிமை ஆகியவற்றைக் குறிப்பிடும் எழுத்து இசைவு இரு தரப்பினருக்கும் பாதுகாப்பளிக்கும்.

இவற்றையும் பார்க்க

கல்நார்
பாலிவினைல் குளோரைடு
லினோலியம்