செக் எஞ்சின் விளக்கும் ஆக்ஸிஜன் உணரியும்: பழுதறிதல்

செக் எஞ்சின் விளக்கு என்பது காரின் முகப்புப் பலகையில் எஞ்சினின் புறக்கோட்டு வடிவத்தில், மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ எரியும் எச்சரிக்கை விளக்கு. வெளியேறும் புகையின் மாசை வரம்புக்கு மேல் உயர்த்தக்கூடிய பழுதை எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி கண்டுகொள்ளும்போது இது எரிகிறது. அவ்வாறு எரியும்போது அடிக்கடி குற்றம் சாட்டப்படும் உறுப்பு ஆக்ஸிஜன் உணரி. பட்டறைகளில் இதற்கு ஓ-டூ சென்சார், லாம்டா சென்சார் என்ற பெயர்கள் வழங்குகின்றன. கணினி பதிவு செய்யும் பிழைக் குறியீடு, எந்த அளவீடு அல்லது எந்த மின்சுற்று வரம்பு மீறியது என்பதைத்தான் காட்டும். எந்த உறுப்பை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை. பழுதறிதல் முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல் நிற்கிறது.

வரலாறு

லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டத்தில் வாகனப் புகைக்குப் பெரும் பங்கு உண்டு என்று வேதியியலர் ஆரி ஹாகன்-ஸ்மித் 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். பின்னர் கலிபோர்னியா மாநிலம் கடுமையான புகை விதிகளைக் கொண்டுவந்தது. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒருசேர மட்டுப்படுத்தும் மூவழி வினையூக்கி மாற்றி அந்த விதிகளுக்கு விடையாக அமைந்தது. ஆனால் காற்றும் பெட்ரோலும் எடையளவில் ஏறத்தாழ 14.7:1 என்ற விகிதத்தை ஒட்டி இருந்தால்தான் அது முழுத் திறனுடன் இயங்கும். அந்த விகிதத்தையே லாம்டா = 1 என்று குறிப்பர். கார்பரேட்டரால் அதை நொடிக்கு நொடி காக்க இயலவில்லை. எரிந்த புகையை அளந்து எரிபொருளைத் திருத்தும் கருவி ஒன்று தேவைப்பட்டது.

ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1960களின் இறுதியில் தொடங்கிய ஆய்வு அத்தேவையை நிறைவு செய்தது. அதன் உணரி 1976இல், கலிபோர்னியாவில் விற்பனைக்கு வந்த வோல்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது. உணரியின் உயிர்நாடியான சிர்க்கோனியா பீங்கான் அதற்கும் பழையது. வால்தர் நெர்ன்ஸ்ட் 1897இல் உருவாக்கிய மின்விளக்கில் ஒளிர்ந்ததும் சிர்க்கோனியாவும் இட்ரியாவும் கலந்த ஒரு கோல்தான். உணரியின் மின்னழுத்தத்தைக் கணக்கிடும் சமன்பாடும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1981இல் தன் பெட்ரோல் கார்களில் கணினிக் கட்டுப்பாட்டைப் பரவலாக்கியபோது செக் எஞ்சின் விளக்கும் பரவலாயிற்று. சோதனை இணைப்பியின் இரு முனைகளைக் கம்பியால் இணைத்து, விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணி, அக்கால மெக்கானிக்குகள் குறியீட்டைப் படித்தனர். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியீடு வைத்திருந்த நிலை, ஓ.பி.டி.-2 எனப்படும் பொதுத்தரம் அமெரிக்காவில் 1996 மாடல் கார்களுக்குக் கட்டாயமானதும் மாறியது. 16 முனை இணைப்பியும் பொதுவான ஐந்தெழுத்துக் குறியீடுகளும் அத்தரத்தின் வழி வந்தவை.

உணரி இயங்கும் முறை

உணரியின் நுனியில் தையற்காரரின் அங்குஸ்தான் போன்ற சிறு பீங்கான் குப்பி உள்ளது. அதன் உட்புறமும் வெளிப்புறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு உண்டு. உட்புறத்தைக் காற்றும் வெளிப்புறத்தைப் புகையும் தொடுகின்றன. ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் பீங்கான் வழியே ஆக்ஸிஜன் அயனிகள் நகரத் தொடங்கி, இரு புறமும் உள்ள ஆக்ஸிஜன் வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் தோன்றும். புகையில் ஆக்ஸிஜன் மிகுந்தால், அதாவது எரிபொருள் குறைந்தால், ஏறத்தாழ 0.1 வோல்ட். எரிபொருள் மிகுந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட். இரண்டுக்கும் நடுவே 0.45 வோல்ட் அளவில் லாம்டா 1 அமைகிறது.

மின்னழுத்தம் உயர்ந்தால் கணினி எரிபொருளைக் குறைக்கும்; தாழ்ந்தால் கூட்டும். அதனால் சூடேறிய எஞ்சினில் நல்ல உணரியின் அளவு ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். உணரி விரைவில் சூடேற அதனுள் மின்சூடேற்றி ஒன்றும் வைக்கப்பட்டது. நான்கு கம்பி உணரியில் இரு கம்பிகள் சூடேற்றிக்கு உரியவை.

புதிய கார்களில் வினையூக்கி மாற்றிக்கு முன்பு பெரும்பாலும் அகலப்பட்டை உணரி இருக்கும். இது லாம்டாவின் அளவையே எண்ணாகத் தருவதால் 0.1 முதல் 0.9 வோல்ட் வரையான சோதனை இதற்குப் பொருந்தாது. மாற்றிக்குப் பின்னால் உள்ள உணரியின் முதன்மை வேலை மாற்றியைக் கண்காணிப்பது. மாற்றி நன்றாக இருந்தால் ஆக்ஸிஜனைத் தேக்கி விடுவதால் பின் உணரியின் அளவு பெரும்பாலும் நிலையாக நிற்கும். முன் உணரியைப் போலவே அதுவும் ஏறி இறங்கினால் மாற்றி தளர்ந்துவிட்டது என்று பொருள்.

விளக்கு எரியும் விதம்

சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். தொடக்கத்தில் எரியவே இல்லையென்றால் விளக்கே பழுது. பெரும்பாலான பிழைகள் அடுத்தடுத்த இரு ஓட்டங்களில் பதிவான பிறகே விளக்கு எரியும். பழுதின்றி மூன்று ஓட்டங்கள் கழிந்தால் தானே அணையும்.

விளக்கு நிலையாக எரிந்தால் காரை நிதானமாகப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லலாம். சிமிட்டினால் நிலைமை வேறு. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் வினையூக்கி மாற்றிக்குள் சென்று எரிந்து அதை உருக்கக்கூடும் என்பதன் அறிகுறி அது. அப்போது வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே முறை. சிவப்பு நிற எண்ணெய் விளக்கும் வெப்ப விளக்கும் இதனின்று வேறானவை. அவை எரிந்தால் எஞ்சினை உடனே அணைக்க வேண்டும்.

குறியீடுகள்

பேங்க் 1 என்பது முதல் சிலிண்டர் உள்ள பக்கம். சென்சார் 1 மாற்றிக்கு முன்பும் சென்சார் 2 பின்பும் உள்ளவை. நேர்வரிசை நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் பேங்க் 1 மட்டுமே இருக்கும்.

பி0131, பி0132: முன் உணரியின் மின்னழுத்தம் தாழ்வு, உயர்வு.
பி0133: முன் உணரியின் மறுமொழி மந்தம்.
பி0134: முன் உணரியில் அசைவில்லை.
பி0135, பி0141: முன், பின் உணரிகளின் சூடேற்றிச் சுற்றில் பழுது.
பி0171, பி0172: கலவையில் எரிபொருள் குறைவு, மிகுதி.
பி0300: பல சிலிண்டர்களில் எரிதல் தவறுதல்.
பி0420: வினையூக்கி மாற்றியின் திறன் வரம்புக்குக் கீழ்.

இவற்றுள் பி0171ஐக் கண்டதும் உணரியை மாற்றுவது பரவலான தவறு. எரிபொருள் குறைவு என்று உணரி சரியாகவே சொல்லியிருக்கலாம். காற்று உறிஞ்சும் குழாயில் வெடிப்பு, அழுக்கடைந்த காற்றளவு உணரி, வலுவிழந்த பெட்ரோல் பம்ப் ஆகியவை அதன் வழக்கமான காரணங்கள். எரிதல் தவறினாலும் பயன்படாத ஆக்ஸிஜன் புகையில் சேர்ந்து, எரிபொருள் குறைவு என்ற தோற்றத்தைத் தரும். உணரிக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து இதே மயக்கம் உண்டாகும்.

பழுதறியும் வரிசை

முதற்பணி குறியீட்டைக் குறித்துக்கொள்வது. அதனுடன் பிழை எழுந்த நொடியில் இருந்த வேகம், வெப்பம், பளு ஆகியவற்றையும் கணினி சேமித்திருக்கும். அவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். குறியீட்டை அழித்தால் இப்பதிவும் போய்விடும்.

இரண்டாவது, கண்ணால் பார்த்தல். கழன்ற குழாய், உருகிய கம்பி, எலி கடித்த உறை, துருவேறிய இணைப்பி ஆகியவற்றைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

மூன்றாவது, எரிபொருள் திருத்த அளவு. ஸ்கேனரில் குறுங்கால, நெடுங்காலத் திருத்தங்கள் விழுக்காட்டில் தெரியும். கூட்டுத்தொகை இரு திசையிலும் 10 விழுக்காட்டைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். வண்டி நின்ற நிலையில் திருத்தம் மிகுந்து, எஞ்சின் வேகம் கூடும்போது குறைந்தால் காற்றுக்கசிவு என்று கொள்ளலாம். பளு ஏற ஏறத் திருத்தமும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை அல்லது காற்றளவு உணரி குறைத்துச் சொல்கிறது.

நான்காவது, உணரியைச் சோதித்தல். சிர்க்கோனியா உணரி தாழ்ந்த அளவிலேயே நின்றால், உள்ளே செல்லும் காற்றில் சிறிது புரோப்பேன் வாயுவைக் கலந்து கலவையைச் செறிவாக்குவர். அளவு உடனே 0.8 வோல்ட்டைத் தாண்டினால் உணரி நலம். உயர்ந்த அளவிலேயே நின்றால் வெற்றிடக் குழாய் ஒன்றைக் கழற்றிக் காற்றைப் புகுத்துவர். அளவு சரிந்தால் அப்போதும் உணரி நலம். அசையாமலோ தாமதித்தோ மறுமொழி தருவதே பழுதான உணரி.

சூடேற்றிக் குறியீடு வந்தால் எஞ்சின் ஆறியபின் மல்டிமீட்டரால் அதன் மின்தடையை அளக்கலாம். சில ஓம்கள் என்பது பல உணரிகளில் வழக்கமான அளவு. சரியான வரம்பு அந்தந்தக் காரின் கையேட்டில் இருக்கும். முடிவிலி காட்டினால் சூடேற்றி அறுந்துவிட்டது. பல உணரிகளின் சூடேற்றிகள் ஒரே நேரத்தில் பிழை காட்டினால் முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும்.

கெடும் காரணங்களும் மாற்றும் முறையும்

பெட்ரோலில் கலந்த ஈயம், எஞ்சின் எண்ணெயிலுள்ள பாஸ்பரஸ், கசிந்து எரியும் குளிர்விப்பு நீர், சிலிகோன் பசையின் ஆவி ஆகியவை பிளாட்டினப் பரப்பை மூடி உணரியைச் செயலிழக்கச் செய்கின்றன. வெள்ளைப் பொடி படிந்திருந்தால் சிலிகோனையும், கரும்புகைப் படிவு இருந்தால் எரிபொருள் மிகுதியையும் ஐயுறலாம். காரணத்தைக் களையாமல் புதிய உணரியைப் பொருத்தினால் அதுவும் விரைவில் கெடும். மற்றபடி சூடேற்றி உள்ள உணரி பொதுவாக 1,00,000 கி.மீ.க்கு மேல் உழைக்கும்.

பெரும்பாலான உணரிகளை 22 மி.மீ. ஸ்பேனரால் கழற்றலாம். கம்பி நுழையப் பிளவு விட்ட சாக்கெட்டும் கிடைக்கிறது. மரை இறுகியிருந்தால் எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றுவது எளிது. இறுகாமல் தடுக்கும் பசையை மரையில் மட்டும் தடவ வேண்டும், நுனியில் படக்கூடாது. பல உணரிகள் பீங்கான் குப்பியின் உட்புறத்தைத் தொடும் ஒப்பீட்டுக் காற்றைக் கம்பிகளின் இடைவெளி வழியாகவே பெறுகின்றன. எனவே இணைப்பியில் கிரீஸ் அடைப்பதும் கம்பிகளை ஈயப்பற்று வைத்து ஒட்டுவதும் தவறு.

இந்தியாவில்

1995 ஏப்ரல் முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. அதற்கென ஈயமற்ற பெட்ரோலும் அந்நகரங்களில் விற்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. கார்களுக்கான ஓ.பி.டி.-2 விதி 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2020இல் வந்த பி.எஸ்.-6 தரம் இருசக்கர வாகனங்களிலும் எரிபொருள் உட்செலுத்தியையும் ஆக்ஸிஜன் உணரியையும் பரவலாக்கியது.

2023 முதல் விற்பனையாகும் இ20 பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் உள்ளது. எத்தனால் முழுமையாக எரியக் காற்று குறைவாகவே வேண்டும் என்பதால் இக்கலவையின் சரியான விகிதம் ஏறத்தாழ 13.5:1. தூய பெட்ரோலுக்கு அமைக்கப்பட்ட பழைய காரில் இதை ஊற்றும்போது, உணரி சொல்வதைக் கேட்டுக் கணினி சில விழுக்காடு எரிபொருளைக் கூட்டித் தருகிறது. அந்தக் கூடுதல் திருத்தம் எரிபொருளின் இயல்பால் வருவது. அது உணரியின் பழுது அன்று.