கேழ்வரகுக்கு நடுவே ஓர் அவரைச் சால்

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானதும், 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்ததும், 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்ததும் நம் வாசகர்கள் அறிந்தவைதான். ஆனால் எல்லைக்கோட்டைப் பார்த்து விதைப்பு முறை மாறுவதில்லை. அவரை இதற்குச் சான்று.

மார்கழி, தை மாதங்களில் இங்குள்ள சந்தைகளில் அனபகாய் குவியும். தெலுங்கர் 'பிதிகி பப்பு' என்பதை நம்ம வீடுகளில் 'பிதுக்கம் பருப்பு' என்போம். ஊறவைத்து, விரலால் பிதுக்கித் தோலெடுப்பதால் வந்த பெயர். அந்தக் குழம்பின் ருசி எல்லோருக்கும் தெரியும். செடி மண்ணுக்குச் செய்கிற வேலை தெரிந்தவர்கள் குறைவு.

குப்பம், பலமனேர் பக்கம் கேழ்வரகுக்கு இடையே சில சால் விட்டு அவரை போடுவார்கள். கன்னடத்தார் இதை 'அக்கடி சாலு' என்பர். நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆகவே கேழ்வரகு அறுத்த பிறகும் அது நிலத்தில் படர்ந்து கிடக்கும். மறு உழவு கிடையாது. வேர் தழைச்சத்தைச் சேர்க்கும், இலை நிழல் ஈரத்தைக் காக்கும். 1800இல் சென்னையிலிருந்து வெங்கடகிரிகோட்டை வழியாக மைசூர் நாட்டுக்குப் போன பிரான்சிஸ் புக்கானன், அங்கே கேழ்வரகோடு அவரை விதைப்பதை எழுதிவைத்திருக்கிறார். அவர் நூல் 1807இல் வெளிவந்தது.

இதை வைத்து, உழாத வேளாண்மையும் நம்முடையதே என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நம்மவர் ஆழ உழுதவர்கள். உழுத புழுதியைக் காயவிடச் சொன்னவர் வள்ளுவர் (அடுத்த குறளிலேயே உழுவதைவிட எருவிடுதல் நல்லது என்கிறார், அது வேறு விஷயம்). உழாமல் பயறு விதைப்பதைப் பெரிய அளவில் நடத்திக்காட்டியவர்கள் அமெரிக்க நாட்டுக்காரர்கள். பிரேசிலில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் 1972இல் சோயாவை அப்படி விதைத்தார். கம்பரிசியை மூடுபயிராக வளர்த்து, பூக்கும் பருவத்தில் உருளையால் சாய்த்து, அந்த வைக்கோல் மெத்தைக்குள்ளேயே சோயா விதைப்பதும் உண்டு. களைக்கு வெளிச்சம் கிடைக்காது.

நம்ம பக்கம் அதற்குத் தடையாக வந்தது வேர்க்கடலை. 20ஆம் நூற்றாண்டில் எண்ணெய்ச் சந்தைக்காக அது பரவியது. கடலையைப் பிடுங்கும்போதே மண் கிளறப்பட்டுவிடுகிறது, பிறகு கோடை முழுவதும் நிலம் வெறுமையாகக் காய்கிறது.

அந்த வெறுமையை மூடத்தான் ஆந்திர அரசின் இயற்கை வேளாண்மைத் திட்டம், 2010களின் பிற்பகுதியிலிருந்து, பருவமழைக்கு முன்பே நவதானிய விதைப்பைப் பரப்பிவருகிறது. களிமண்ணும் சாம்பலும் பூசிய விதையைத் தூவி, மேலே வைக்கோல் மூடாக்கு. கோடை மழை ரெண்டு விழுந்தால் முளைத்துக்கொள்ளும். 2024இல் இத்திட்டத்துக்குப் போர்ச்சுகலின் குல்பென்கியன் பரிசு பகிர்ந்து கிடைத்தது.

ஆனாலும் வளர்ந்ததைச் சிலர் அறுத்து மூடாக்காக்குகிறார்கள், சிலர் மடக்கி உழுதுவிடுகிறார்கள். கோடையில் ஆடுமாடுகளை அவிழ்த்துவிடுகிற ஊர்களில், வேலியில்லாத ஒருவர் மட்டும் விதைத்துப் பயனில்லை. நாலு பக்கத்துக்காரரும் சேர்ந்து விதைக்க வேண்டியிருக்கிறது.